ட்ராமா பேப்பர் முதல் தடவை எடுக்கப் போறீங்களா? எந்த வரிசையில, எவ்வளவு மெதுவா சொல்லிக்கொடுக்கணும்

எம்எஸ்டபிள்யூவோ, எம்எஸ்சி கவுன்சிலிங் சைக்காலஜியோ, ஒரு என்ஜிஓ நடத்துற 6 மாச டிப்ளமோவோ, எதுவா இருந்தாலும் சரி, ட்ராமா பேப்பரை, அதாவது பெரிய அதிர்ச்சி மனசுல விட்டுட்டுப் போற காயத்தைப் பத்தின பாடத்தை, உங்க கையில கொடுத்து "அடுத்த செமஸ்டர் நீங்களே எடுத்துடுங்க"னு சொல்லிட்டாங்கன்னா இது உங்களுக்காகத்தான். நான் பத்து வருஷத்துக்கு மேல இந்தப் பேப்பர் எடுக்கறேன். தியரி புக்ல கிடைச்சுடும், அது பிரச்சனையே இல்ல. எதை முதல்ல சொல்றது, எதைக் கடைசில சொல்றது, எதை கிளாஸ்ல செய்யவே கூடாது, இதுதான் கஷ்டம், அதை எனக்கு யாரும் சொல்லித்தரல, அதனால முதல் வருஷம் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்.

அதையே முதல்ல சொல்லிடறேன். பசங்களுக்கு விஷயத்தோட கனம் உடனே புரியணும்னு நினைச்சு முதல் கிளாஸ்லயே 2004 டிசம்பர் 26 சுனாமி வீடியோ ஒண்ணை ப்ரொஜெக்டர்ல போட்டேன். லைட் ஆஃப், கதவு சாத்தியிருக்கு, சவுண்ட் ஃபுல்லா. ரெண்டாவது நிமிஷத்துல மூணாவது பெஞ்சுல இருந்த ஒரு பொண்ணு எந்திரிச்சு வெளிய போயிடுச்சு, பாத்ரூம் போகுதுன்னு நினைச்சு நான் கண்டுக்கவே இல்ல. கிளாஸ் முடிஞ்சு வெளிய வந்தா மாடிப்படியில உக்காந்திருக்கு, முழங்காலைக் கட்டிக்கிட்டு, ஒரு செருப்பு ரெண்டு படி மேல கிடக்கு. நாகப்பட்டினம் பக்கம் மீனவர் கிராமம், சுனாமி வந்தப்ப அஞ்சாம் கிளாஸ் படிச்சிட்டிருந்துச்சாம். என்னைப் பார்த்ததும் "சாரி மேம், கிளாஸை டிஸ்டர்ப் பண்ணிட்டேன்"னு சொல்லுச்சு. மன்னிப்பு கேக்க வேண்டியது நான், அதுக்கு அன்னைக்கு எனக்கு வாய் வரல, மறுநாள்தான் கேட்டேன்.

அன்னைலேர்ந்து ஒரு விஷயத்தை கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். எந்த கிளாஸ்ரூமா இருந்தாலும் உள்ள அடிபட்டவங்க இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டுத்தான் கதவைத் திறக்கணும். கவுன்சிலிங் படிக்க வர்றவங்கள்ல பல பேர் தன் வீட்டுல நடந்ததைப் புரிஞ்சுக்கத்தான் வர்றாங்க, அதுல தப்பும் இல்ல. இன்னொண்ணு, இதுதான் இந்தக் கட்டுரையோட மொத்த விஷயமே: நீங்க கிளாஸ்ல அவங்ககிட்ட எப்படி நடந்துக்கறீங்களோ அப்படியேதான் அவங்க நாளைக்கு க்ளையண்ட்கிட்ட நடந்துப்பாங்க. நீங்க அதிர்ச்சி கொடுத்து சொல்லிக்கொடுத்தா அவங்களும் தோண்டித் தோண்டி கேப்பாங்க. நீங்க முன்கூட்டியே சொல்லி, பர்மிஷன் கேட்டு, நேரத்துக்கு முடிச்சா அவங்களும் அதைத்தான் செய்வாங்க. "பாதுகாப்பு முக்கியம்"னு ஸ்லைடு போடறதால எதுவும் நடக்காது.

கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

எந்தத் தேதியில என்ன டாபிக்னு ஒரு ஷீட் போட்டு முதல் நாளே கொடுத்துடுங்க. "ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் குழந்தைகள் மேல பாலியல் வன்முறை, மூணாவது வாரம் தற்கொலையில ஆளை இழந்த குடும்பம்" அப்டினு பச்சையா எழுதியிருக்கணும். அன்னைக்கு வர முடியாதவங்க காரணம் சொல்லாம உங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டா போதும், அதுக்கு பதிலா ஒரு ரீடிங் கொடுத்துடுங்க, அட்டெண்டன்ஸ்ல கை வைக்காதீங்க. இதுக்கு டிபார்ட்மெண்ட்ல கொஞ்சம் முணுமுணுப்பு வரும், "எல்லாரும் லீவு போட்ருவாங்க"ம்பாங்க. என் அனுபவத்துல அப்படி ஆகல, ஒரு பேட்ச்ல ஒருத்தரோ ரெண்டு பேரோதான் அதைப் பயன்படுத்துவாங்க, அவங்களுக்கு அது நிஜமாவே தேவைப்பட்டிருக்கும்.

கதவு சாத்தியிருந்தாலும் தாழ்ப்பாள் போடாதீங்க. கதவு பக்கத்து சீட்டு யார் வேணாலும் உக்கார காலியா இருக்கட்டும். வெளிய போறவங்க பின்னாடி யாராச்சும் ஒருத்தர் அஞ்சு நிமிஷம் கழிச்சு தண்ணி பாட்டிலோட போய்ப் பார்க்கணும்னு ஒரு ஏற்பாடு வெச்சுக்கோங்க, துரத்திக்கிட்டுப் போறது இல்ல.

அப்புறம், நீங்க மார்க் போடறவர். அதனால நீங்க அவங்களுக்கு கவுன்சிலர் ஆக முடியாது. ஒரு ஸ்டூடண்ட் அழுதுக்கிட்டே உங்க ரூமுக்கு வந்தா கேளுங்க, தண்ணி கொடுங்க, கூட இருங்க, ஆனா தொடர்ந்து பேச வேற ஒரு ஆள் தயாரா இருக்கணும். காலேஜ்ல கவுன்சிலர் இருந்தா அவங்ககிட்ட முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க, இல்லன்னா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416 இருக்கு, தமிழ்லயும் பேசலாம், 24 மணி நேரமும். அந்த நம்பரை கிளாஸ்ல எழுதறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை கூப்பிட்டு எப்படிப் பேசறாங்கனு கேட்டுக்கோங்க. கூப்பிட்டுப் பார்க்காத நம்பரை யாருக்கும் கொடுக்காதீங்கனு பசங்களுக்கும் சொல்லுங்க.

ஒரு அசைன்மெண்ட் பல இடத்துல கொடுக்கறாங்க, "உங்க வாழ்க்கையில நடந்த ஒரு ட்ராமாவை எழுதி தியரியோட ஒப்பிடுக". தயவுசெஞ்சு அதைக் கொடுக்காதீங்க. மார்க்குக்காக ஒருத்தர் தன் ரணத்தைத் திறந்து காட்ட வேண்டிய நிலைமையை நாமளே உண்டாக்கறோம், அதுக்கு 10க்கு 6 வேற போடறோம்.

முதல் கிளாஸ்ல டெஃபனிஷன் எழுதாதீங்க

வார்த்தையிலேர்ந்து ஆரம்பிங்க. நம்ம ஊர்ல இந்தப் பேரே ஒரு சிக்கல். ஒரு அம்மாகிட்ட "உங்க பொண்ணுக்கு ட்ராமா இருக்கு"னு என் ஸ்டூடண்ட் ஒருத்தர் சொல்லப் போய், "என் பொண்ணு டிராமா போடறான்னு சொல்றீங்களா?"னு அந்தம்மா எந்திரிச்சே போயிட்டாங்க. காதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. இலங்கைத் தமிழர்கள்கிட்ட இதுக்கு ரொம்ப நல்ல வார்த்தை இருக்கு, மனவடு, உளவடுனு சொல்வாங்க. காயம் ஆறின பிறகும் தழும்பு நிக்கும் இல்லையா, அது அந்த வார்த்தைக்குள்ளயே இருக்கு. கவுன்சிலிங்கை அவங்க உளவளத்துணைம்பாங்க, இங்க சில பேர் ஆற்றுப்படுத்துதல்னு சொல்றாங்க. ஆத்துறதும் இருக்கு, வழி காட்டறதும் இருக்கு அந்த வார்த்தையில. க்ளையண்ட்கிட்ட எதைச் சொல்லணும்னு கேட்டா, பல நேரம் எதுவுமே வேண்டாம், அவங்க சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொன்னா போதும்.

அதுக்குத்தான் முதல் கிளாஸ். போர்டை காலியா விட்டுட்டு, "உங்க ஊர்ல, உங்க பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, ரொம்ப பயந்தவங்க, ரொம்ப நொந்தவங்க, எப்படிச் சொல்வாங்க?"னு கேளுங்க. சொந்தக் கதை வேண்டாம், வார்த்தை மட்டும் போதும்னு சொல்லிடுங்க. அரை மணி நேரத்துல போர்டு நிறைஞ்சுடும். "கண்ணு முன்னாடியே நிக்குது." "தூக்கி வாரிப் போடுது." "நெஞ்சை அடைக்குது." "மரத்துப் போச்சு." "ஈரக்குலை நடுங்குது." "எதுலயும் ஒட்ட மாட்டேங்குது." "அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கறது இல்ல." "அது நான்தானான்னு இருக்கு." "நான் பாவி, அதான் எனக்கு."

இப்ப டிஎஸ்எம்-5ஐ எடுங்க, அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் மனநோய்களை வகைப்படுத்திப் போட்ட புத்தகம். 2013ல வந்த அந்தப் புத்தகத்துல பிடிஎஸ்டிக்கு, அதாவது ட்ராமாவுக்குப் பிறகு நீடிக்கற மனநோய்க்கு, நாலு அறிகுறிக் கூட்டம், மொத்தம் 20 அறிகுறி. வேண்டாம்னாலும் திரும்பத் திரும்ப வர்றது, தவிர்க்கறது, நினைப்பும் மனநிலையும் மோசமா மாறிடறது, எப்பவும் உஷாராவே இருக்கறது. நாலு கலர் சாக்பீஸ் எடுத்து போர்டுல இருக்கற வார்த்தைங்களை அவங்களையே வட்டம் போடச் சொல்லுங்க. "கண்ணு முன்னாடியே நிக்குது" முதல் கூட்டம், "தலை வெச்சுப் படுக்கறது இல்ல" ரெண்டாவது, "நான் பாவி" மூணாவது, "தூக்கி வாரிப் போடுது" நாலாவது. நம்ம பாட்டிங்க சொல்லாத அறிகுறி அந்த லிஸ்ட்ல ரொம்பக் கொஞ்சம்தான்னு பசங்களுக்குப் புரியும்போது கிளாஸ்ல ஒரு அமைதி வரும் பாருங்க. அதே நேரத்துல எந்தக் கலர்லயும் சேராத வார்த்தைங்களும் மிஞ்சும், "உடம்பெல்லாம் எரியுது", "வயித்துக்குள்ள ஏதோ உருளுது" மாதிரி. அதை அழிக்காதீங்க. நம்ம ஜனங்க முக்கால்வாசி நேரம் மனசை உடம்பு வழியாத்தான் சொல்றாங்க, ஜெனரல் மெடிசின் ஓபியில போய் சத்து ஊசி போட்டுக்கிட்டு வர்றவங்கள்ல எத்தனை பேர் இதைத்தான் சொல்லப் பார்க்கறாங்க.

ஒரு மாசம்ங்கற கணக்கை அழுத்திச் சொல்லுங்க. அறிகுறி ஒரு மாசத்துக்கு மேல இருந்து வாழ்க்கையைப் பாதிச்சாத்தான் பிடிஎஸ்டினு பேச்சே வரும், அதுக்கு முன்னாடி வர்ற தூக்கமின்மையும் நடுக்கமும் பெரும்பாலும் உடம்பு தன்னைத் தானே சரி பண்ணிக்கற வேலை. மோசமான ஒண்ணைப் பார்த்த பெரும்பாலானவங்களுக்கு பிடிஎஸ்டி வர்றது இல்ல, இதைச் சொல்லாம விட்டா பசங்க பார்க்கற ஆளெல்லாம் நோயாளின்னு முடிவு பண்ணிடுவாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11ல காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டினு தனியா ஒண்ணு இருக்கறதையும் சொல்லுங்க. வருஷக்கணக்கா வீட்டுக்குள்ளயே அடி வாங்கினவங்களுக்கு வழக்கமான அறிகுறிகளோட கோபத்தை, அழுகையை அடக்க முடியாம போறது, தன்னையே கேவலமா நினைக்கறது, யாரோடயும் நெருங்க முடியாம போறது, இந்த மூணும் சேர்ந்து வரும். ஃபீல்டுல நம்ம பசங்க அதிகமா பார்க்கப் போறது இதைத்தான்.

ஹிஸ்டரியை ரெண்டு கிளாஸ்ல முடிச்சுடுங்க

முதல் உலகப் போர், 1915ல சார்ல்ஸ் மையர்ஸ் ஷெல் ஷாக்குனு எழுதினது, வியட்நாம்லேர்ந்து திரும்பின சிப்பாய்ங்களோட போராட்டம், 1980ல டிஎஸ்எம்-3ல பிடிஎஸ்டி நுழைஞ்சது, அதே காலத்துல பெண்கள் இயக்கம் வீட்டுக்குள்ள நடக்கற வன்முறையை வெளிய கொண்டுவந்தது, 1992ல அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் போர்க் காயம், வீட்டுக் காயம், இது ரெண்டும் ஒரே காயம்தான்னு சேர்த்து எழுதினது. சமூகம் அடிபட்டவங்க பக்கம் நிக்கும்போது இந்த அறிவு வளருது, திரும்பிக்கும்போது மறந்து போகுதுன்னு ஹெர்மன் சொன்னது பசங்களுக்குப் பிடிபட்டா போதும். ஏஸ் ஸ்டடி பத்தி சொல்லுங்க, சான் டியாகோவுல 17,000க்கு மேற்பட்டவங்ககிட்ட சின்ன வயசுல வீட்டுல பட்ட கஷ்டத்தைக் கேட்டு பின்னால வர்ற நோய்களோட ஒப்பிட்டாங்க, முதல் பேப்பர் 1998ல வந்துச்சு. ஆனா அந்த ஸ்கோரை ஒரு தனி ஆளோட ஜாதகம் மாதிரி படிக்கக் கூடாது, பெரிய ஜனத்தொகைக்கான கணக்கு அது. இதைச் சொல்லாம விட்டீங்கன்னா அடுத்த வாரமே ஹாஸ்டல்ல ஒருத்தருக்கொருத்தர் ஸ்கோர் போட்டுக்கிட்டு பயந்து போய் உக்காந்திருப்பாங்க, நான் பார்த்திருக்கேன்.

தயா சோமசுந்தரத்தை விட்டுடாதீங்க. யாழ்ப்பாணத்துல போர் நடந்த காலத்துல அங்கேயே இருந்து வேலை பார்த்த மனநல மருத்துவர், ஆளுக்கு ஆள் மனசு உடையறது மட்டும் இல்ல, ஊரும் உறவும் நம்பிக்கையுமே உடைஞ்சு போகுதுன்னு எழுதினவர். தமிழ் பேசற ஜனங்களை வெச்சே எழுதப்பட்டது நமக்கு அவ்வளவு எளிதா கிடைக்கறது இல்ல.

உடம்பு பத்தின கிளாஸ்

மூளைப் படம் போட்டு அமிக்டலா, ஹிப்போகேம்பஸ்னு ஒரு மணி நேரம் போறது வேண்டாம். மூளைக்குள்ள ஒரு அலாரம் இருக்கு, ஆபத்து வந்தா யோசிக்கறதுக்கு முன்னாடியே அது அடிக்கும், சண்டை போடு, ஓடு, ரெண்டும் முடியலன்னா உறைஞ்சு போ. இந்த மூணாவதுல நின்னு பேசுங்க. கோர்ட்லயும் ஸ்டேஷன்லயும் வீட்டுலயும் பாதிக்கப்பட்ட பொண்ணுகிட்ட கேக்கற முதல் கேள்வி "ஏன் கத்தல?"தான். கத்தாதது சம்மதம் இல்ல, கோழைத்தனமும் இல்ல, லோடு தாங்காம ஃப்யூஸ் போற மாதிரி உடம்பு தன்னைக் காப்பாத்திக்க பண்ற ஒரு வேலை. இதை ஒரு க்ளையண்டுக்கு சாதாரணத் தமிழ்ல ரெண்டு நிமிஷத்துல எப்படிச் சொல்வீங்கனு ஒவ்வொரு ஸ்டூடண்டையும் சொல்ல வைங்க. சரியாச் சொல்ல நாலஞ்சு தடவை ஆகும், ஆகட்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் டான் சீகல் சொன்ன தாங்கும் எல்லைங்கற கருத்து ரொம்ப உபயோகம். எல்லைக்கு மேல போனா பால் பொங்கற மாதிரி, படபடப்பு, அழுகை, கோபம். கீழ போனா மரக்கட்டை மாதிரி, பார்வை எங்கேயோ, பேச்சு நின்னுடும். ரெண்டு நிலையிலயும் நாம சொல்ற எதுவும் உள்ள போகாது. கவுன்சிலரோட வேலை ஆளை அந்த எல்லைக்குள்ள வெச்சுக்கறது. பயத்தையும் அமைதியையும் வேகஸ் நரம்பை வெச்சு விளக்கற பாலிவேகல் தியரி கேட்டு பசங்க வருவாங்க, சோஷியல் மீடியா முழுக்க அதுதான். அதோட நரம்பியல் பகுதியில ஆராய்ச்சியாளர்கள் நடுவுல பலமான மறுப்பு இருக்கு, ஒரு படமா வெச்சுக்கலாம், நிரூபிச்ச உண்மையா சொல்லக் கூடாதுன்னு நேரடியாச் சொல்லிடுங்க.

அப்புறம் கிரவுண்டிங், அதாவது பதறிப் போன மனசை இப்ப இருக்கற இடத்துக்குக் கொண்டுவர்ற சின்னச் சின்னப் பயிற்சி. இதை தியரியா சொல்லாதீங்க, ஒவ்வொரு கிளாஸும் ரெண்டு நிமிஷம் இதோட ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் இதோட முடிங்க, செமஸ்டர் முடியும்போது அவங்க உடம்புலயே ஊறியிருக்கும். "கண்ணை மூடுங்க, மூச்சை கவனிங்க"னு எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுக்காதீங்க. கண்ணை மூடினாலே அந்தக் காட்சி வர்றவங்க இருக்காங்க, தண்ணியில மூச்சுத் திணறினவங்களுக்கு மூச்சை கவனிக்கச் சொன்னா இன்னும் பதறும். கண்ணைத் திறந்து வெச்சே செய்யற மாதிரி நாலஞ்சு வழி கையில இருக்கட்டும். செருப்பைக் கழட்டிட்டு தரையோட சில்லுப்பை காலால உணர்றது, செம்புத் தண்ணியை ரெண்டு கையால பிடிக்கறது, ரூம்ல பச்சைக் கலர்ல எத்தனை சாமான் இருக்குன்னு எண்றது. நான் ஒரு சின்ன டப்பாவுல ஏலக்காய் வெச்சிருப்பேன், ஒண்ணை நசுக்கி மோந்து பார்க்கச் சொல்வேன். ஒருத்தருக்கு ஆகற வாசனை இன்னொருத்தருக்கு ஆகாது, ஊதுபத்தி வாசனை சாவு வீட்டை ஞாபகப்படுத்துதுன்னு ஒரு பையன் சொன்ன பிறகுதான் முதல்ல கேட்டுட்டுக் கொடுக்கப் பழகினேன்.

ரோல் ப்ளேக்குத்தான் அதிக நேரம்

மொத்த மணி நேரத்துல பாதியாவது இதுக்குப் போகணும். மூணு மூணு பேரா பிரிங்க, ஒருத்தர் கவுன்சிலர், ஒருத்தர் க்ளையண்ட், ஒருத்தர் பார்க்கறவர். 12 நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். க்ளையண்டா நடிக்கறவங்க சொந்தக் கதையை எடுக்கவே கூடாது, நீங்க எழுதின கேஸ் கார்டை மட்டும்தான் நடிக்கணும். "நிறுத்து"னு யார் சொன்னாலும் அந்த நொடியே நிறுத்தணும், ஏன்னு கேள்வி கிடையாது. முடிஞ்சதும் வேஷத்தைக் கழட்டணும்: எந்திரிச்சு சேர் மாறி உக்காந்து, தன் பேரைச் சொல்லி, காலையில என்ன சாப்பிட்டேன்னு சொல்லணும். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி தெரியும், ஆனா இதைச் செய்யாத நாள்ல பசங்க அந்த கேஸோடவே ஹாஸ்டலுக்குப் போறாங்க.

ஒரு கேஸ் கார்டு சொல்றேன், நானா எழுதினது. சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலையில வேலை பார்த்த 38 வயசு அக்கா. நாலு மாசம் முன்னாடி பக்கத்து ஷெட்ல வெடி விபத்து, கூட வேலை பார்த்த நாத்தனார் இறந்துட்டாங்க. இப்ப சமைக்கறதே இல்ல, வீட்டுல எல்லாரும் கடையில வாங்கி சாப்பிடறாங்க, புருஷன் கோவிச்சுக்கறார்.

க்ளையண்டா இருந்த பொண்ணு நல்லா பண்ணுச்சு. "கடுகு தாளிக்க முடியல தம்பி. எண்ணெய் காயும்போதே கை நடுங்குது"ன்னுச்சு. கவுன்சிலரா இருந்த பையன் உடனே முன்னாடி சாஞ்சு, "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்கக்கா"ன்னான். நடிப்புதான், ஆனாலும் அந்தப் பொண்ணோட தோள் ரெண்டும் மேல ஏறிடுச்சு, கண்ணு தரைக்குப் போயிடுச்சு. நான் நிறுத்திட்டு பார்க்கறவரா இருந்தவங்ககிட்ட "என்ன பார்த்தீங்க?"னு மட்டும் கேட்டேன். தோளைச் சொன்னாங்க. மறுபடி அதே இடத்துலேர்ந்து.

"கை நடுங்கும்போது என்னக்கா பண்ணுவீங்க?"

"அடுப்பை அணைச்சுட்டு வாசல்ல வந்து நின்னுடுவேன்."

"வாசல்ல வந்தா?"

"எதிர்வீட்டுல ஒரு ஆட்டுக்குட்டி கட்டியிருக்கும். அதைப் பார்த்துட்டே நிப்பேன். கொஞ்சம் மூச்சு வரும்."

பையன் ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "அப்ப மூச்சு வர்றதுக்கு ஒரு இடம் நீங்களே கண்டுபிடிச்சு வெச்சிருக்கீங்கக்கா"ன்னான். அன்னைக்கு அந்த ரோல் ப்ளேயில விபத்தைப் பத்தி ஒரு வார்த்தை கூட வரல, ஆனா அந்தப் பேட்ச்லயே நல்லா நடந்த 12 நிமிஷம் அதுதான். விபத்தோட கதை எங்கேயும் ஓடிடாது, அதைத் தாங்கற பலம் முதல்ல வரணும்.

பசங்க வழக்கமா பண்ற தப்புகளையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. "அப்புறம் என்ன ஆச்சு?"னு ஆர்வத்துல கேக்கறது. "அழாதீங்கம்மா." "எல்லாம் விதி." "இதை விட கஷ்டப்பட்டவங்க எவ்வளவு பேர் இருக்காங்க." அவசரமா டிஷ்யூவை நீட்டறது, அழறதை நிறுத்துனு சொல்றதுக்கு அதுதான் சத்தமில்லாத வழி. பாசத்துல தோளைத் தொடறது, கேக்காம தொடவே கூடாது. அப்புறம் முறை வெச்சு கூப்பிடறது. அக்கா, அம்மா, தம்பி இல்லாம நமக்குப் பேச்சு வராது, அது நல்லதும் கூட, ஆனா ஒரு குழந்தையைக் கெடுத்தது "மாமா"வா இருந்தா நாம போய் "மாமாகிட்ட சொல்லுடா செல்லம்"னா அந்தக் குழந்தை எங்க போகும்? "உன்னை எப்படிக் கூப்பிடட்டும், என்னை எப்படிக் கூப்பிடறே?"னு முதல்லயே கேக்கப் பழக்குங்க.

நிஜ செஷன்ல கடைசி பத்து நிமிஷம் மூடறதுக்குனு சொல்லிக்கொடுங்க, ரோல் ப்ளேயிலயும் கடைசில அதைப் பழகட்டும். க்ளையண்ட் வந்த மாதிரி எந்திரிச்சு பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போகணும். "இன்னைக்கு இங்கேர்ந்து நேரா எங்க போறீங்க, வீட்டுல யாரு இருப்பாங்க, ராத்திரி கஷ்டமா இருந்தா என்ன பண்ணுவீங்க?" இந்தக் கேள்விங்க இல்லாம முடிஞ்ச ரோல் ப்ளேக்கு நான் மார்க் போடறதே இல்ல. க்ளையண்டை எவ்வளவு பேச வெச்சாங்கங்கறதுக்கு மார்க் போடாதீங்க, போட்டா தோண்டத்தான் கத்துப்பாங்க.

ட்ரீட்மெண்ட் முறைகள், எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது

ஹெர்மனோட மூணு கட்டத்தை முதுகெலும்பா வெச்சுக்கோங்க: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கப்படறது, மறுபடி வாழ்க்கையோட சேர்றது. அடிக்கற புருஷனோட ஒரே வீட்டுல இருக்கற பொண்ணுக்கு முதல் கட்டமே பல மாசம் போகும். சாதிக் கலவரத்துல வீடு எரிஞ்சு அதே தெருவுல, எரிச்சவங்க கண்ணு முன்னாடியே நடமாடற ஊர்ல வாழறவங்களுக்கு ஆபத்து முடிஞ்சே போகல. அவங்க உஷாரா இருக்கறதை அறிகுறின்னு எழுதறதுக்கு முன்னாடி பசங்க யோசிக்கணும். வக்கீல், ரேஷன் கார்டு, பிள்ளைங்களுக்கு ஹாஸ்டல் சீட்டு, இதெல்லாமும் ட்ராமா வேலைதான்.

எட்னா ஃபோவாவோட ப்ரொலாங்டு எக்ஸ்போஷர், பேட்ரீஷியா ரெசிக்கோட சிபிடி, ஃப்ரான்சின் ஷபிரோவோட ஈஎம்டிஆர், நெட்டுனு (NET, நரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி) சொல்ற கதைசொல்லல் முறை, எல்லாத்தையும் அறிமுகப்படுத்துங்க, எப்ப யார்கிட்ட அனுப்பணும்னு தெரியணும். ஆனா தனிப் பயிற்சியும் சூப்பர்விஷனும் இல்லாம இதை க்ளையண்ட் மேல முயற்சி பண்ணக் கூடாதுன்னு எழுதியே வாங்கிக்கோங்க. இந்த நெட் முறையில கயிறைத் தரையில விரிச்சு பிறந்ததுலேர்ந்து நடந்த நல்லதுக்குப் பூவும் கெட்டதுக்குக் கல்லும் வைப்பாங்க, அழகான முறை, யூட்யூப் பார்த்துட்டு செய்யலாம்னு தோணும், செய்யக் கூடாது. சுனாமிக்கு அப்புறம் இலங்கையோட வடகிழக்குல 31 பிள்ளைங்களை ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு பக்கம் குழந்தைகளுக்கான நெட், இன்னொரு பக்கம் தியானமும் ரிலாக்சேஷனும் கொடுத்தாங்க. கொடுத்தது பயிற்சி எடுத்த உள்ளூர் கவுன்சிலர்கள். ரெண்டு குரூப்லயும் பிள்ளைங்க நல்லாவே தேறினாங்க. நம்ம மொழி பேசற உள்ளூர் ஆட்களால முடியும்ங்கறதுக்கும், அதுக்கு முறையான பயிற்சி வேணும்ங்கறதுக்கும் சேர்த்தே இதை உதாரணமாச் சொல்வேன்.

வெள்ளம், புயல், தீ விபத்து நடந்த உடனே போய் எல்லாரையும் வட்டமா உக்கார வெச்சு "நடந்ததைச் சொல்லுங்க"னு ஒரே செஷன்ல கொட்ட வைக்கற டீப்ரீஃபிங்கை இப்ப உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கறது இல்ல. பலன் இல்லங்கறது மட்டும் இல்ல, சில பேருக்கு இன்னும் மோசமாவும் ஆகியிருக்கு. அதுக்கு பதிலா 2011ல அவங்க வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேட்டுல இருக்கற மூணு வேலை: பாரு, கேளு, சேர்த்து விடு. முகாம்ல மாத்து டிரெஸ் இருக்கா, பிள்ளை அம்மாகூட இருக்கா, மாத்திரை சாப்பிடறவங்களுக்கு மாத்திரை கிடைச்சுதா, இதுதான் முதல் நாள் வேலை.

நம்ம ஊர் வழக்கங்களைக் கேலி பண்ண விடாதீங்க. குழந்தை பயந்துடுச்சுன்னு வேப்பிலை அடிக்கறதும் தர்காவுல மந்திரிச்சுட்டு வர்றதும் அந்தக் குடும்பம் குழந்தையைச் சுத்தி நிக்கறதோட அடையாளம். அடிச்சு ஓட்டறது, கட்டிப் போடறது, மாத்திரையை நிறுத்தறதுன்னு போனா மட்டும் தலையிடணும். ஒப்பாரியும் அப்படித்தான், அழறதுக்கு ஊரே சேர்ந்து ஒரு வடிவம் கொடுத்து வெச்சிருக்கு. சுனாமியில உடம்பே கிடைக்காத குடும்பங்களுக்குக் காரியம் பண்றதா வேண்டாமான்னே தெரியாம தவிச்ச தவிப்பு இருக்கே, அதைப் பத்தி ஒரு முழு கிளாஸ் பேசலாம். நினைவு நாளையும் சொல்லுங்க. 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில 94 குழந்தைங்க போனாங்க, அந்த வீடுகள்ல ஜூலை மாசம் மத்த மாசம் மாதிரி இருக்காது. க்ளையண்ட் காரணமே இல்லாம மோசமாறாங்கன்னா முதல்ல காலண்டரைப் பாருங்க.

சட்டம்

18 வயசுக்குக் கீழ உள்ள குழந்தை மேல பாலியல் குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சா 2012 போக்சோ சட்டம் பிரிவு 19 படி போலீஸுக்குத் தெரிவிச்சே ஆகணும், மறைச்சா பிரிவு 21ல தண்டனை இருக்கு. கவுன்சிலருக்கு விதிவிலக்கு கிடையாது. அதனால "நீ சொல்றது எதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு ஒரு குழந்தைகிட்ட வாக்கு கொடுக்கவே கூடாது, எதைச் சொல்ல வேண்டி வரும்னு பேச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். இதையும் ரோல் ப்ளேயா பண்ணுங்க, படிச்சா வராது. உதவிக்குக் கூப்பிடற நம்பர், 1098 குழந்தைகளுக்கு, 181 பெண்களுக்கு.

ஃபீல்ட் வொர்க் போற பசங்களோட மனசு

மெக்கேன், பெர்ல்மன் ரெண்டு பேரும் 1990ல எழுதின மறைமுக ட்ராமா, அதாவது அடுத்தவங்க கதையைக் கேட்டுக் கேட்டே நமக்கு வர்ற காயம், அதைப் பத்தி இந்தப் பேப்பரோட நடுவுலயே சொல்லுங்க, கடைசி யூனிட்ல தள்ளாதீங்க, அதுக்குள்ள ஃபீல்டுக்குப் போயிருப்பாங்க. பொண்ணுங்க ஆட்டோவுல ஏற பயப்படறது, பையன் தன் தங்கச்சிக்கு அடிக்கடி ஃபோன் பண்ணி எங்க இருக்கேன்னு கேக்கறது, சாப்பாடு இறங்காதது, எல்லாத்துக்கும் எரிஞ்சு விழறது, இதெல்லாம் பலவீனம் இல்ல, கேட்ட கதை உள்ள இறங்கியிருக்குன்னு அர்த்தம். ஃபீல்ட் வொர்க்ல ஒரு நாளைக்கு ஒரு கனமான கேஸ், அதுக்கு மேல கொடுக்க விடாதீங்க, ஏஜென்சிகிட்ட நீங்களே பேசுங்க, ஸ்டூடண்ட் பேச முடியாது. வந்ததும் ரிப்போர்ட் எழுத வைக்காதீங்க. முதல்ல கை கால் முகம் கழுவி, டீ குடிச்சு, பத்து நிமிஷம் கழிச்சு எழுதட்டும்.

கடைசி கிளாஸை புது டாபிக் எடுக்காம முடிங்க, அது கடைசின்னு மூணு வாரம் முன்னாடியே சொல்லிடுங்க, க்ளையண்டோட கடைசி செஷனுக்கும் இப்படித்தான் சொல்லணும்னு அப்பவே சேர்த்துச் சொல்லிடலாம். பாஸ் அவுட் ஆனவங்களுக்கு முதல் 6 மாசம் மாசத்துல ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு சூப்பர்விஷன் வைங்க, அவங்க பார்க்கற கேஸை உங்களோட சேர்ந்து அலசற கூட்டம், க்ளையண்ட் பேரும் ஊரும் இல்லாம ஆளுக்கு ஒரு கேஸ். நாலு பேர் வந்தாலும் நடத்துங்க, ஒருத்தர் வந்தாலும் நடத்துங்க. முதல் சனிக்கிழமைக்கு எல்லாரும் வருவாங்க, மூணாவது மாசத்துலேர்ந்து கூட்டம் குறையும், அப்ப வராதவங்களுக்கு நீங்களே ஒரு ஃபோன் போடுங்க.